பால் தீர்ந்தாலும், பால் ஆகாவிட்டாலும்: அடுப்புக்கும் ஓவனுக்கும் மாற்று

கேக்குக்கு மாவு சலித்தாகிவிட்டது. ஃப்ரிட்ஜைத் திறந்தால் பால் இல்லை. இது ஒரு தேவை. பால் குடித்த சிறிது நேரத்தில் வயிறு உப்பிக் கடமுடா என்கிறது, இது இன்னொன்று. பால் உதட்டில் பட்டாலே குழந்தைக்குத் தடிப்பு எழும்புகிறது, இது மூன்றாவது. மூன்றுக்கும் சேர்த்து ‘ஒரு கப் பாலுக்கு ஒரு கப் பாதாம் பால்’ என்று ஒரே வரியில் பதில் சொல்லும் பட்டியல்கள் ஏராளம். அந்த வரியை நம்பிச் சேமியாப் பாயசம் வைத்தால், சேமியா ஒரு பக்கமும் வெள்ளைத் தண்ணீர் ஒரு பக்கமுமாக நிற்கும்.

எதை ஊற்றலாம் என்று தேடும் முன், அந்தப் பண்டத்தில் பால் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும். ஒரு கப் (240 மி.லி.) டோன்டு பாலில் 215 கிராமுக்கு மேல் வெறும் தண்ணீர். கொழுப்பு சுமார் 7 கிராம், புரதம் 7 முதல் 8 கிராம், லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை 11 அல்லது 12 கிராம். ஃபுல் கிரீம் பால் என்றால் கொழுப்பு 15 கிராம் வரை ஏறும். தண்ணீர் மாவை நனைக்கிறது. கொழுப்பு பண்டத்தை மெத்தென்று ஆக்குகிறது. புரதம் சுண்டும்போது கெட்டிப்படுகிறது. லாக்டோஸோடு சேர்ந்து சூட்டில் பொன்னிறம் தருகிறது. லாக்டோஸுக்கு இனிப்பு மிகக் குறைவு, அதனால் அது இருப்பதே நாக்குக்குத் தெரியாது. பன்னின் மேல்தோல் சிவப்பதில்தான் தெரியும்.

பான்கேக்கில் பால் பெரும்பாலும் தண்ணீர் வேலை செய்கிறது, ஆகவே எதை ஊற்றினாலும் ஓடிவிடும். பாயசத்தில் கொழுப்பும் புரதமும் வேண்டும். பால்கோவாவில் பாலேதான் பண்டம். இந்த வித்தியாசம் மனதில் இருந்தால் கீழே உள்ள அளவுகளை நீங்களே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

இங்கே சொல்லும் கப் 240 மி.லி., டேபிள்ஸ்பூன் 15 மி.லி., டீஸ்பூன் 5 மி.லி. டம்ளரில் அளந்தால் கணக்கு பிசகும்.

ஏன் வேண்டாம் என்பது முதல் கேள்வி

லாக்டோஸ் செரிக்காதவர்களுக்குப் பால் முழுக்க எதிரி ஆகிவிடாது. தயிராகும்போது லாக்டோஸில் ஒரு பகுதி லாக்டிக் அமிலமாக மாறிவிடுவதால் பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். நெய்யில் லாக்டோஸ் அநேகமாக இல்லை. லாக்டோஸ் நீக்கிய பால் என்று கடையில் கிடைப்பதை எல்லாச் சமையலிலும் சம அளவில் ஊற்றலாம். அதில் லாக்டோஸை நொதி கொண்டு குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் உடைத்திருப்பார்கள். இவை இரண்டும் லாக்டோஸைவிட இனிப்பு. அதனால் காபிக்கு வழக்கமாகப் போடும் சர்க்கரையில் கொஞ்சம் குறைக்கலாம். பாயசத்துக்குச் சுண்டவைக்கும்போது சாதாரணப் பாலைவிடச் சீக்கிரம் நிறம் மாறும், தீயைத் தணித்தே வையுங்கள்.

பால் ஒவ்வாமை வேறு விஷயம். அங்கே குற்றவாளி பால் புரதம். லாக்டோஸ் நீக்கிய பாலிலும் அந்தப் புரதம் அப்படியே இருக்கிறது. எருமைப்பால், ஆட்டுப்பால் புரதங்களும் பசும்பாலை ஒத்தவையே, ஆகவே ‘ஆட்டுப்பால் கொடுத்துப் பாருங்கள்’ என்று அக்கம்பக்கத்தில் சொல்வதைக் கேட்க வேண்டாம். நெய்யில்கூடப் புரதத் துளி ஒட்டியிருக்கலாம். லேபிளில் பால் புரதம் இருப்பதைக் காட்டும் கேசின், கேசினேட், வே (whey), மில்க் சாலிட்ஸ் என்ற சொற்களைத் தேடுங்கள். பிஸ்கட், ரஸ்க், பிரெட், மார்ஜரின் எதிலும் இவை இருக்கக்கூடும்.

இரண்டு பொறிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடையில் விற்கும் தேங்காய்ப் பால் பொடிகள் பலவற்றில் சோடியம் கேசினேட் சேர்க்கிறார்கள். தேங்காய் படம் போட்ட பாக்கெட்டுக்குள் பால் புரதம்! இன்னொன்று பாதாம் பால் என்ற பெயர். நம்மூர் டீக்கடையிலும் ஸ்வீட் ஸ்டாலிலும் பாதாம் பால் என்று கேட்டால் வருவது பசும்பாலில் பாதாமும் மஞ்சள் நிறமும் சேர்த்த பானம். பாதாம் மிக்ஸ் டப்பாக்களிலும் பால் பொடி இருக்க வாய்ப்புண்டு. தாவரப் பால் தேடுகிறவர்கள் சோயா, பாதாம், ஓட்ஸ் பாக்கெட்டில் ‘பெவரேஜ்’ அல்லது ‘டிரிங்க்’ என்றுதான் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி விலங்குப் பாலுக்கே ‘மில்க்’ என்ற பெயர். தேங்காய்ப் பாலுக்கு விலக்கு உண்டு.

கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ கைக்குழந்தைகளுக்கென்றே விற்கும் ஃபார்முலா பவுடருக்கோ பதிலாக இவை எதையும் கொடுக்கக் கூடாது. அது குழந்தை மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

பால் தீர்ந்துபோனால் மட்டும்

எளிய வழி பால் பொடி. இலங்கையில் பல வீடுகளில் பால்மாதான் அன்றாடப் பால், ஆகவே அங்கே இதை மாற்று என்று சொன்னால் சிரிப்பார்கள். முழுக் கொழுப்புப் பொடி 30 கிராம் (தலை தட்டி 4 டேபிள்ஸ்பூன்), வெதுவெதுப்பான தண்ணீர் 215 மி.லி.; ஒரு கப் பால் ரெடி. கொழுப்பு நீக்கிய பொடி என்றால் 22 கிராம், தண்ணீர் 225 மி.லி., கூடவே 2 டீஸ்பூன் வெண்ணெய் அல்லது நெய். பொடியைக் கொதிநீரில் கொட்டினால் வெளியே கட்டி, உள்ளே வறண்ட மாவு என்று உருண்டுகொள்ளும். முதலில் 3 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் குழைத்து விழுதாக்கி, பிறகு மீதியை ஊற்றுங்கள். கேக், பிரெட், பன் என்றால் கரைக்கவே வேண்டாம்: பொடியை மைதாவோடு சலித்துவிட்டுத் தண்ணீரைத் தனியாகச் சேர்த்தால் போதும்.

வீட்டில் இருப்பது பால் பொடியா, டெய்ரி ஒயிட்னரா என்று டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஒயிட்னரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சர்க்கரை சேர்த்திருப்பார்கள். டீக்கு நல்லது. ஒயிட் சாஸில் போட்டால் பாஸ்தா இனிக்கும்.

கன்டென்ஸ்டு மில்க் கால் கப்பை (சுமார் 76 கிராம்) 180 மி.லி. தண்ணீரில் கரைத்தால் ஒரு கப் வரும். அதில் கிட்டத்தட்ட பாதி சர்க்கரை, ஆகவே செய்முறையில் உள்ள சர்க்கரையில் 3 டேபிள்ஸ்பூன் கழித்துவிடுங்கள். இனிப்புப் பண்டங்களுக்கு மட்டும் இது. சர்க்கரை சேர்க்காத எவாப்பரேட்டட் மில்க் கிடைத்தால் சம அளவு தண்ணீர் ஊற்றி எதற்கும் பயன்படுத்தலாம்.

எதுவுமே இல்லையா? தண்ணீர் 230 மி.லி., உருக்கிய வெண்ணெய் அல்லது மணமில்லாத எண்ணெய் 2 டீஸ்பூன். பரோட்டா மாவு, பான்கேக், சாக்லேட் கேக், போண்டா மாவு எல்லாவற்றிலும் இது வேலை செய்யும். நிறம் மட்டும் கொஞ்சம் வெளிறும். சாக்லேட் கேக்கில் கோகோவின் மணமும் நிறமும் முன்னே நிற்பதால் பால் இல்லாதது யாருக்கும் தெரியாது. வெனிலா ஸ்பாஞ்சில் தெரியும்.

தயிரும் உதவும்: 120 கிராம் தயிர், 120 மி.லி. தண்ணீர் சேர்த்து அடித்து ஒரு கப். ஆனால் தயிரின் புளிப்பு கேக்கின் கணக்கை மாற்றும். அதைச் சரிசெய்வது எப்படி என்று ஓவன் பகுதியில் வருகிறது.

தேங்காய்ப் பால்

தமிழ்ச் சமையலுக்குப் பால் மாற்று என்றால் முதலில் நிற்க வேண்டியது இதுதான். பாக்கெட் பாலும் ஃப்ரிட்ஜும் வருவதற்கு முன்பே பருப்புப் பாயசமும் சொதியும் ஆப்பத்துக்கான பாலும் இதில்தான் நடந்தன.

நடுத்தரத் தேங்காய் ஒன்றைத் துருவினால் 250 கிராம் அளவுக்கு வரும். 120 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் போட்டுப் பிழிந்தால் 200 மி.லி.க்குக் கிட்டத்தட்ட முதல் பால் கிடைக்கும். சக்கையில் 250 மி.லி. விட்டு அரைத்தால் இரண்டாம் பால், மறுபடி 250 மி.லி. விட்டால் மூன்றாம் பால். யாழ்ப்பாணத்தில் முதற்பால் என்றும், பிறகு பிழியும் நீர்த்த பாலைக் கப்பிப்பால் என்றும் பிரிப்பார்கள். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருப்பது முக்கியம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும்; ஃப்ரீசரில் வைத்த துருவலைக் குளிர்ந்த தண்ணீர் விட்டு மிக்ஸியில் ஓட்டினால் கொழுப்பு வெண்ணெய்க் குருணையாகத் திரண்டு சக்கையிலேயே தங்கிவிடும். துருவலை வெளியே எடுத்து வைத்துக் குளிர் போன பிறகே அரைக்க வேண்டும்.

பாக்கெட்டில் வரும் கெட்டித் தேங்காய்ப் பாலில் பொதுவாக 17 முதல் 20 சதவீதம் வரை கொழுப்பு. டோன்டு பாலில் 3 சதவீதம். இந்த இடைவெளியை மறந்து ஒரு கப்புக்கு ஒரு கப் ஊற்றுவதில்தான் பல கேக்குகள் எண்ணெய்ப் பிசுக்காகிப் போகின்றன. 3 டேபிள்ஸ்பூன் (45 மி.லி.) கெட்டிப் பாலில் 195 மி.லி. தண்ணீர் சேர்த்தால் கொழுப்பில் ஒரு கப் டோன்டு பாலுக்கு ஈடாகும். முழுதாக ஒரு கப் கெட்டிப் பாலே வேண்டும் என்றால் கேக்கில் போடும் வெண்ணெயில் 40 முதல் 50 கிராம் குறைத்துவிடுங்கள்.

அடுத்தது திரிதல். தேங்காய்ப் பாலில் எண்ணெய்த் துளிகளைப் பிரியாமல் பிடித்து வைத்திருப்பது அதிலுள்ள சிறிதளவு புரதம். 80 டிகிரி செல்சியஸ் வாக்கில் அந்தப் புரதம் உறைந்து பிடியை விடுகிறது. தளதளவென்று கொதிக்கவிட்டால் மேலே எண்ணெய், கீழே வெள்ளைத் துகள். அதனால்தான் காயையும் பருப்பையும் மூன்றாம், இரண்டாம் பாலில் வேகவைத்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, ஓரத்தில் நுரை கூடியதும் இறக்கச் சொல்கிறார்கள். திருநெல்வேலிச் சொதியில் எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்த பிறகே சேர்வதும் இதே காரணத்தால். புளிப்பும் கொதியும் ஒன்றாகச் சேர்ந்தால் பால் தாங்காது. நீண்ட நேரம் சூடாக வைத்திருக்க வேண்டிய விருந்துக் குழம்பு என்றால், ஒரு டீஸ்பூன் அரிசி மாவைச் சிறிது தண்ணீரில் கரைத்து 500 மி.லி. பாலில் கலந்துவிடுங்கள். ஸ்டார்ச் துளிகளை விலக்கி நிறுத்தும். ஒருவேளை திரிந்துவிட்டாலும் சாப்பிடக் கெடுதல் இல்லை. நாலு டேபிள்ஸ்பூன் குழம்பைத் தனியே எடுத்து, அதில் அரை டீஸ்பூன் அரிசி மாவு சேர்த்து மிக்ஸியில் சுற்றித் திரும்ப ஊற்றி மெல்லிய தீயில் கிளறினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

பாயசத்துக்கு வருவோம். வெல்லப் பாகு கொதிக்கும்போது பசும்பாலை ஊற்றினால் திரிந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். வெல்லத்தில் உள்ள லேசான அமிலமும் உப்புகளும் சூட்டோடு சேர்ந்து கேசின் புரதத்தைக் கட்டியாக்குகின்றன. தேங்காய்ப் பாலில் கேசின் இல்லை, ஆகவே வெல்லத்தோடு அதற்குப் பகை கிடையாது. கொதி மட்டும்தான் பகை. 100 கிராம் பாசிப்பருப்பை வறுத்து, இரண்டாம் மூன்றாம் பாலில் குழைய வேகவைத்து, 180 முதல் 200 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிச் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். தீயைக் குறைத்து முதல் பாலை ஊற்றி, ஆவி வந்ததும் நிறுத்துங்கள். பசும்பால்தான் வேண்டும் என்றால் பாகும் பாலும் தனித்தனியே கொதித்து வெதுவெதுப்புக்கு ஆறிய பிறகு கலந்து, மறுபடி அடுப்பில் வைக்காமல் பரிமாறுங்கள்.

சேமியாப் பாயசத்தில் பாலைச் சுண்டவைத்துத்தான் கெட்டித்தன்மை வரும். தேங்காய்ப் பாலைச் சுண்டவைக்க முடியாது என்பதால் கெட்டிக்கு வேறு ஆள் வேண்டும்: 100 கிராம் சேமியாவுக்கு 2 டேபிள்ஸ்பூன் ஜவ்வரிசி ஊறவைத்து முதலிலேயே வேகவைத்துக்கொள்ளுங்கள், அல்லது 15 முந்திரியை ஊறவைத்து அரைத்து ஊற்றுங்கள்.

தேங்காய் மணம் எங்கே இடிக்கும் என்பதையும் சொல்லிவிடலாம். ஒயிட் சாஸ், காளான் சூப், சீஸ் சேர்ந்த எதிலும் அது ஒட்டாது. ஏலக்காய், வெல்லம், இஞ்சி, பச்சை மிளகாய் இருக்கும் இடத்தில் இயல்பாக உட்கார்ந்துகொள்ளும்.

சோயா, முந்திரி, மற்றவை

தாவரப் பால்களில் புரத அளவில் பசும்பாலை எட்டிப் பிடிப்பது சோயாப் பால். கேக், பன், ஒயிட் சாஸ், இட்லிக்கு ஊற்றும் குருமா எதிலும் சம அளவில் ஊற்றலாம். அதன் பச்சை வாடைதான் பலரை ஓட வைக்கிறது. பயற்றை அரைக்கும்போது ஒரு நொதி எண்ணெயோடு சேர்ந்து அந்த வாடையை உண்டாக்குகிறது. அரைக்கும் முன்பே சூடு காட்டினால் நொதி செயலிழந்துவிடும். ஆகவே 100 கிராம் சோயாப் பயறை 8 மணி நேரம் ஊறவைத்து, தோலைத் தேய்த்து நீக்கி, கொதிக்கும் தண்ணீரில் 5 நிமிடம் போட்டு எடுங்கள். பிறகு சூடான தண்ணீர் விட்டே அரையுங்கள். மொத்தம் 900 மி.லி. போதும். (மிக்ஸி ஜாரை மூடி இறுக்கி, பாதிக்கு மேல் நிரப்பாமல் ஓட்ட வேண்டும். சூட்டில் மூடி எகிறும்.) துணியில் வடிகட்டிய பாலை மெல்லிய தீயில் 15 முதல் 20 நிமிடம் காய்ச்ச வேண்டும். இந்தக் காய்ச்சல் ருசிக்கு மட்டும் இல்லை: பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன, சூட்டில்தான் அவை அடங்கும். பொங்கி நுரைக்கும், முதல் கொதி வந்ததும் வெந்துவிட்டது என்று ஏமாந்து இறக்கிவிடாதீர்கள்.

கடையில் வாங்கினால் சர்க்கரையும் வெனிலாவும் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். வெனிலா மணக்கும் வெஜிடபிள் குருமா சாப்பிட யாருக்கும் ஆசை இருக்காது.

முந்திரி, கெட்டியான குழம்புகளுக்கு. 50 கிராம் முந்திரியை வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, கொஞ்சம் தண்ணீரில் நைசாக அரைத்து, பிறகு 500 மி.லி. வரை நீட்டினால் வடிகட்டத் தேவையில்லாத பால். 100 கிராமுக்கு 120 மி.லி. தண்ணீர் மட்டும் விட்டால் ஃபிரஷ் கிரீமுக்குப் பதில். முந்திரியில் ஸ்டார்ச் இருப்பதால் சூடானதும் தானாகக் கெட்டிப்படும், அடியும் பிடிக்கும். கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். தக்காளி சேர்ந்த பட்டர் மசாலா வகைகளில் பால் ஊற்றித் திரிந்துபோகிறது என்பவர்களுக்கு இதைவிட நல்ல தீர்வு இல்லை. தேங்காய், முந்திரி, கசகசா அரைத்து ஊற்றும் நம் குருமாவுக்கு என்றுமே பால் தேவைப்பட்டதில்லை. நடுவில் வந்த ஹோட்டல் ருசிதான் கிரீமைக் கொண்டுவந்தது.

ஒயிட் சாஸ் ஒரு கப்புக்கு 2 டேபிள்ஸ்பூன் வெண்ணெய் அல்லது எண்ணெய், 2 டேபிள்ஸ்பூன் மைதா என்பது வழக்கமான அளவு. சோயாப் பாலில் அளவு மாறாது. முந்திரிப் பாலில் மைதாவை ஒரு டேபிள்ஸ்பூனாகக் குறைக்காவிட்டால் சாஸ் களியாகிவிடும்.

பாதாம் பாலுக்கு 75 கிராம் பாதாம், ஓர் இரவு ஊறல், தோல் நீக்கல், 600 மி.லி. தண்ணீர், வடிகட்டல். மணம் நன்றாக இருக்கும். கடையில் கிடைப்பது இதைவிட மிகவும் நீர்த்தது. மஃபின், பான்கேக், மில்க்‌ஷேக்குக்கு ஏற்றது. பாயசத்துக்குத் தனியாகப் போதாது.

ஓட்ஸ் பால் மலிவு, ஆனால் வீட்டில் செய்தால் வழவழப்பது எல்லோரும் சொல்லும் குறை. 80 கிராம் ஓட்ஸ், 800 மி.லி. ஐஸ் தண்ணீர், ஒரு டீஸ்பூன் எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. மிக்ஸியில் 20 விநாடி, அதற்கு மேல் வேண்டாம். சல்லடையில் தானாக வடியட்டும், பிழிந்தால் ஸ்டார்ச் முழுதும் இறங்கிவிடும். என்ன செய்தாலும் காய்ச்சினால் கஞ்சியாகும். கடையில் விற்பது காய்ச்சினாலும் கெட்டியாகாததற்குக் காரணம், நொதி சேர்த்து ஸ்டார்ச்சை உடைத்திருப்பதுதான். அதன் இனிப்பும் அங்கிருந்தே வருகிறது. வீட்டு ஓட்ஸ் பாலை சூப், குழம்பு, பிரெட் மாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேழ்வரகுப் பாலையும் சிலர் இந்த வரிசையில் சேர்க்கிறார்கள். அடுப்பில் வைத்த சில நிமிடத்தில் அது கூழ். பாலுக்குப் பதில் என்று எண்ண வேண்டாம்.

காபியிலும் டீயிலும்

ஃபில்டர் காபி டிகாக்‌ஷன் அமிலத்தன்மை உள்ளது. சூடான டிகாக்‌ஷனில் குளிர்ந்த சோயாப் பாலை ஊற்றினால் திரிந்து டபராவில் தோஃபு (சோயாப் பன்னீர்) மிதக்கும். பாலைத் தனியே சூடாக்கி (கொதிக்க விடாமல்), டிகாக்‌ஷனைச் சற்று ஆறவிட்டு, பாலுக்குள் டிகாக்‌ஷனை மெல்ல ஊற்றுங்கள். அப்படியும் திரிந்தால் 200 மி.லி. பாலில் ஒரு சின்னச் சிட்டிகை சமையல் சோடா. கூடினால் சோப்பு வாடை அடிக்கும். ‘பாரிஸ்டா’ என்று எழுதி விற்கும் பாக்கெட்டுகளில் இதே வேலையைச் செய்யப் பாஸ்பேட் உப்புகள் சேர்த்திருப்பார்கள்.

டீக்கு இலையையும் இஞ்சியையும் தண்ணீரிலேயே முழுதாகக் கொதிக்கவைத்து வடிகட்டி, பிறகு சூடான தாவரப் பாலைச் சேர்ப்பதே நல்லது. பாலும் இலையும் சேர்த்துக் காய்ச்சும் பழக்கம் இங்கே உதவாது. பால் பொடி டீக்கும் இதே முறைதான்: பொடியைக் கோப்பையில் குழைத்து, வடிகட்டிய சாயத்தை அதன் மேல் ஊற்ற வேண்டும்.

ஓவனில்

கேக்கைப் பொறுத்தவரை பெரும் குழப்பம் பட்டர்மில்க்கில். வெளிநாட்டுச் செய்முறையில் பட்டர்மில்க் என்றால் கெட்டியாக, புளிப்பாக, உறை ஊற்றிச் செய்தது. நம் நீர்மோரை ஊற்றினால் புளிப்பும் போதாது, கெட்டியும் போதாது. 180 கிராம் புளித்த தயிரில் 60 மி.லி. தண்ணீர் சேர்த்து அடித்தால் சரியான மாற்று. பாலில் செய்வதென்றால் ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு அல்லது வினிகரைக் கப்பில் விட்டு, 240 மி.லி. கோடு வரை பால் ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். சோயாப் பாலும் அதே போலத் திரிந்து கெட்டியாகும். பாதாம், ஓட்ஸ் பால்கள் கண்ணுக்குத் தெரியத் திரியாது; கவலை வேண்டாம், சமையல் சோடாவுக்குத் தேவை அமிலம், அது உள்ளே இருக்கிறது.

ஒரு கப் பட்டர்மில்க் அல்லது தயிர்க் கரைசல் அரை டீஸ்பூன் சமையல் சோடாவைச் செயல்பட வைக்கும். அரை டீஸ்பூன் சோடா தரும் பொங்கல் 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர் தருவதற்குச் சமம். இந்த இரண்டு எண்கள் போதும், இரண்டு பக்கமும் மாற்றலாம். செய்முறையில் பால் இருந்து உங்களிடம் தயிர்க் கரைசல் மட்டும் இருந்தால், ஒரு கப்புக்கு 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடரைக் கழித்து அரை டீஸ்பூன் சோடா சேருங்கள் (மேலே சொன்ன பாதித் தயிர், பாதித் தண்ணீர்க் கரைசல் என்றால் இதில் பாதி: ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போய், கால் டீஸ்பூன் சோடா). பட்டர்மில்க் கேட்கும் இடத்தில் வெறும் பால் ஊற்றினால் சோடா வேலையில்லாமல் நின்றுவிடும்: கேக் பழுப்பாகி, சோப்பு ருசி அடிக்கும், உயராது. அப்போது சோடாவை எடுத்துவிட்டுப் பேக்கிங் பவுடராக மாற்றுங்கள்.

பிரெட், பன் மாவில் வேறு ஒரு நுணுக்கம். ஈஸ்ட் லாக்டோஸைத் தின்னாது. அது மிஞ்சி நின்று மேல்தோலைச் சிவக்க வைக்கிறது. தாவரப் பாலிலோ தண்ணீரிலோ பிசைந்த பன் வெளிறிப் போனால் காரணம் அதுதான். ஒரு கப்புக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரை கூட்டி, ஓவனில் வைக்கும் முன் சோயாப் பாலை மேலே தடவுங்கள். பசும்பாலைக் காய்ச்சி ஆறவைத்துத்தான் மாவில் ஊற்ற வேண்டும் என்பார்கள், அதற்குக் காரணம் பாலின் வே புரதம் மாவின் பிடிப்பைத் தளர்த்துவது. தாவரப் பாலுக்கு அந்தக் காய்ச்சல் தேவையில்லை. வெதுவெதுப்பாக இருந்தால் போதும்.

கஸ்டர்டு பவுடர் சோள மாவுதான் என்பதால் எந்தப் பாலிலும் கெட்டிப்படும். முட்டை சேர்த்த கேரமல் புட்டிங் அப்படி இல்லை. முட்டைப் புரதம் நன்றாக உறையப் பாலில் உள்ள தாது உப்புகள் உதவுகின்றன. நீர்த்த பாதாம் பாலில் வைத்தால் தட்டில் கவிழ்த்ததும் சரிந்துவிடும். பாலில் 500 மி.லி.க்கு 4 முட்டை போதும் என்றால், தாவரப் பாலில் ஒரு முட்டை கூட்டுங்கள், அல்லது ஒரு டேபிள்ஸ்பூன் சோள மாவு கரைத்து ஊற்றுங்கள். இலங்கை வட்டலப்பம் கெட்டித் தேங்காய்ப் பாலில் உறைவதைக் கவனித்தால் விஷயம் புரியும்: அங்கே 250 மி.லி. பாலுக்கே 5 முட்டை வரை போகிறது.

மாற்றிப் பயனில்லாதவை

பால்கோவா, திரட்டுப்பால், ரசகுல்லா, பாசுந்தி. இவற்றில் பாலின் புரதமும் லாக்டோஸும்தான் பண்டமே. தேங்காய்ப் பாலைச் சுண்டவைத்தால் கடைசியில் கிடைப்பது தேங்காய் எண்ணெய். பன்னீருக்குச் சோயாப் பாலில் செய்த தோஃபு ஒன்றே மாற்று. ஒரு லிட்டர் சோயாப் பால் 75 டிகிரி அளவுக்கு ஆறியதும் 3 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாற்றை அரைக் கப் தண்ணீரில் கலந்து மெல்ல ஊற்றி, துணியில் கட்டி 30 நிமிடம் எடை வைத்தால் துண்டு போடலாம். முந்திரிப் பாலிலும் தேங்காய்ப் பாலிலும் எலுமிச்சை பிழிந்து பன்னீர் எதிர்பார்ப்பது வீண். அவசரக் கோவாவுக்குப் பால் ஒத்துக்கொள்பவர்கள் 100 கிராம் பால் பொடி, 80 மி.லி. பால், ஒரு டேபிள்ஸ்பூன் நெய் சேர்த்துச் சிறு தீயில் சுருளக் கிளறலாம். பால் கூடாதவர்கள் முந்திரி கத்லிப் பக்கம் போவது புத்திசாலித்தனம். அதற்கு முந்திரியும் சர்க்கரைப் பாகும் போதும்.

வீட்டில் அரைத்த சோயாப் பால், கொட்டைப் பால்கள் ஃப்ரிட்ஜில் இரண்டு, மூன்று நாள் தாங்கும். அடியில் படிவதும் மேலே பிரிவதும் இயல்பு, குலுக்கினால் சேரும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். தேங்காய்ப் பாலை நம் வெயிலில் வெளியே வைத்தால் சில மணி நேரத்தில் கெட்டுவிடும், ஃப்ரிட்ஜிலும் ஒரு நாள்தான். மிஞ்சிய முதல் பாலை ஐஸ் தட்டில், குழிக்கு ஒரு டேபிள்ஸ்பூனாக ஊற்றி உறையவைத்து, கட்டிகளைப் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உருகியதும் பிரிந்து தெரியும், வெந்நீரில் கலக்கினால் சேர்ந்துவிடும். மூன்று கட்டியும் 195 மி.லி. வெந்நீரும் ஒரு கப் பாலுக்குக் கணக்கு.